ஜவ்வரிசி முடிச்சுகள்

சணல் கயிற்றைப் பிரித்து வேராக்கியிருந்தார்கள். பிரிகளில் பசை தடவி, ஜவ்வரிசியை மணிமாலை போல வரிசையாக ஒட்டி, மேலே பச்சைத் தாளில் வெட்டிய இலைகள். தெர்மாகோல் அட்டையில் கொட்டை எழுத்தில் 'பயறுவகைத் தாவரத்தின் வேர் முடிச்சுகள்'. பள்ளி அறிவியல் கண்காட்சி. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் கேட்கும் முன்பே ஒப்பிக்கத் தொடங்கினாள்: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது, ரைசோபியம் பாக்டீரியா மாற்றித் தருகிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. சொன்னதில் பிழையே இல்லை.

"முடிச்சுக்கு உள்ளே என்ன நிறம்மா?"

"வெள்ளைதான் சார்." ஜவ்வரிசியைத் தொட்டுக் காட்டினாள்.

அங்கேதான் இடித்தது. உள்ளே வெளுத்திருக்கும் முடிச்சு பெரும்பாலும் இன்னும் வேலையைத் தொடங்காதது, அல்லது வேலைக்கே ஆகாதது. சுறுசுறுப்பான முடிச்சை நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பு தெரியும். வயதானால் அதுவே பச்சையோ பழுப்போ ஆகிவிடும்.

அந்தச் சிவப்புக்குக் காரணமான லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். செடிக்குள் அதற்கென்ன வேலை? நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்ஸிஜன் பகை, பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ சுவாசிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கவே, சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைந்தது 16 செலவாகிறதே! இந்த இக்கட்டில், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளப்பது மாதிரி, ஆக்ஸிஜனைக் கையில் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது அந்தச் சிவப்புப் புரதம்தான்.

வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. 1679இல் முடிச்சுகளைப் படமாக வரைந்த இத்தாலியர் மால்பிகி, அவற்றைப் பூச்சியால் வந்த கொப்புளங்கள் என்றே நினைத்தார். ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல், முடிச்சுகள்தான் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தருகின்றன என்ற உண்மையைச் சொல்ல இருநூறு ஆண்டுகள் ஆயின. இரண்டு ஆண்டுகள் கழித்து டச்சுக்காரர் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

மால்பிகியின் குழப்பம் வயலில் இன்றும் உண்டு. நூற்புழு தாக்கிய கத்தரி, தக்காளி வேரிலும் முடிச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடுவது பயறின் முடிச்சு. வேரே வீங்கிக் கிடந்தால் நூற்புழு. ஆறிய கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கும் விவசாயிக்கு இது தெரிந்திருக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறையும் என்பதும் தெரிந்திருக்கும். மண்ணில் நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது செடி எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கும்?

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கமே தட்டைப்பயறு நின்றது. கேட்டுக்கொண்டு போனோம். அவள் செடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள்; தடுத்தேன். இழுத்தால் வேர் அறுந்து முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் ஊறவிட்டோம். மண் கரைந்ததும் வேர் தெரிந்தது. மணிமாலை ஒழுங்கெல்லாம் கிடையாது: ஓரிடத்தில் கொத்தாக, ஓரிடத்தில் ஒன்றுகூட இல்லாமல்.

முதல் மூன்றும் வெள்ளை. நாலாவதைக் கீறியதும் அவள் நகமெல்லாம் சிவப்பு. பாவாடையில் துடைத்துக்கொள்ளாமல் உள்ளே ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள், அட்டையில் ஒரு ஜவ்வரிசியின் மேல் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.