மூழ்க விடாத சேறு

கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஏரிக்கரையில் ஒரு மண் கூம்பு நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர்தான். பெயரோ ‘எல் தொத்தூமோ எரிமலை’. பக்கவாட்டில் மரப்படி. ஏறி எட்டிப் பார்த்தால் தீக்குழம்பு எதுவும் இல்லை. சாம்பல் நிறச் சேறு தளும்பும் ஒரு குழி, அதில் கண் மட்டும் தெரிய நெருக்கியடித்துக் கிடக்கும் மனிதர்கள்.

முதுகுப்பையோடு தனியே ஊர் சுற்றுகிறவர்கள் கார்த்தஹேனாவுக்கு வந்தால் ஒரு பகலை இதற்கென்று ஒதுக்குவது வழக்கம். தனியாளுக்கு முதல் சிக்கல் கைப்பேசி. உள்ளூர்க்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு படமும் எடுத்துத் தருவார். குழிக்குள் இறங்கியதும் இன்னொருவர் ஆளை மல்லாக்கச் சாய்த்து, கை கால்களைப் பிடித்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார். அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை, மிதக்க வேண்டியதுதான்.

கால் தரையைத் தொடாது. குழி ஆயிரக்கணக்கான அடி ஆழம் என்று உள்ளூரில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் கவலையில்லை. மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட நீரின் அடர்த்திதான். மூச்சை இழுத்தால் கொஞ்சம் குறையும், விட்டால் கூடும். அதனால்தான் நீச்சல் தெரியாதவர் நீரில் தத்தளிக்கிறார். களிமண் கலந்த சேறு நீரைவிட நன்றாகவே கனமானது. அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால், உடம்பின் மூன்றில் இரண்டு பங்கு அமிழ்ந்ததுமே சேற்றின் தூக்குவிசை எடையைத் தாங்கிவிடும். ஆர்க்கிமிடீஸ் கணக்கு அவ்வளவுதான். சிரமம் வேறிடத்தில். நேராக நிற்கப் பார்த்தால் கால் மேலே வரும், உடம்பு உருளும். குப்புற விழாமல் இருந்தால் போதும்.

மிதப்பதோடு முடிவதில்லை, சேறு உடம்பைப் பிடித்தும் வைக்கிறது. களிமண் துகள்கள் தகடு வடிவானவை. அவற்றின் மேற்பரப்பிலும் விளிம்பிலும் உள்ள மின்னூட்டங்களால் ஒன்றையொன்று பற்றி, சீட்டுக்கட்டு வீடு போல ஓர் அமைப்பைக் கட்டிக்கொள்கின்றன. இடைவெளிகளில் நீர் சிறைப்படுகிறது. சும்மா கிடக்கும்போது இது கெட்டி. ஓர் அளவுக்கு மேல் விசை கொடுத்தால் கட்டு உடைந்து ஓடும். விட்டுவிட்டால் மறுபடி கட்டிக்கொள்ளும்.

புதைமணலிலும் இதே கதைதான். டேனியல் பான் உள்ளிட்ட ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2005-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புதைமணலில் மனிதர் இடுப்பளவுக்கு மேல் புதைய முடியாது. ஆனால் மாட்டிய காலை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்க, நடுத்தர கார் ஒன்றைத் தூக்கும் விசை தேவை. ஆளை முழுதாக விழுங்கும் புதைமணல் சினிமாவில்தான் உண்டு. தொத்தூமோவின் சேறு அந்த அளவுக்கு முரடு இல்லை. இருந்தாலும் இங்கேயும் அவசரப்பட்டு உதறுவதைவிட மெல்ல அசைவதே பலன் தரும்.

சேறு எங்கிருந்து வருகிறது? ஆதியில் இந்த மலை நெருப்பைக் கக்கியதாகவும், பாதிரியார் ஒருவர் புனித நீர் தெளித்துச் சேறாக்கியதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. பாதிரியாரை விட்டுவிட்டால், நடந்தது இது: கரீபியக் கரையோரத்தில் தட்டுகளின் நெருக்குதலில் பழைய கடல் வண்டல் அழுந்துகிறது. உள்ளே சிக்கிய நீரும் மீத்தேன் வாயுவும் வழி தேடி, களிமண்ணைக் குழைத்து மேலே தள்ளுகின்றன. இங்கே தீக்குழம்புக்கு வேலையே இல்லை; சேறும் வெதுவெதுப்புத்தான். குமிழிகள் கொதிப்பால் வருபவை அல்ல, வாயுவால் வருபவை. அந்தமானின் பாராடாங் தீவிலும் இப்படிச் சேறு கக்கும் வாய்கள் உண்டு.

தோல் மினுங்கும், மூட்டுவலி போகும் என்ற பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கியே வைப்பேன். இத்தாலியின் அபானோ போன்ற ஊர்களில் சேற்றைச் சூடாக்கிப் பூசுகிறார்கள். சேறு நீரைப்போல் சுழன்று ஓடாததால் சூட்டை மெதுவாகத்தான் உடம்புக்குக் கடத்தும். அதே சூட்டில் நீரைவிடச் சேற்றைத் தாங்க முடிகிறது. வலி குறைகிறது என்றால் அந்த நீண்ட வெதுவெதுப்புக்கு அதில் பெரும்பங்கு இருக்கும். தொத்தூமோவில் அந்தச் சூடு இல்லை. தவிர, அத்தனை பேரும் ஊறும் அதே சேறு; உடம்பில் காயம் இருந்தால் இறங்காமலிருப்பது நல்லது.

வெளியே வந்ததும் ஏரியில் கழுவல். அதற்கென்றே பெண்கள் காத்திருக்கிறார்கள். உட்கார வைத்து, தலையில் நீரை வாரி ஊற்றி, காதுமடல் வரை தேய்த்துவிடுவார்கள். வெட்கப்பட நேரம் கொடுப்பதில்லை. களிமண் துகள் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் சிறியது. தோலின் ஒவ்வொரு வரியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது, சும்மா முங்கி எழுந்தால் போகாது. படம் எடுத்தவர், பிடித்துவிட்டவர், கழுவிவிட்டவர் மூவருக்கும் தனித்தனியே காசு தர வேண்டும். சில்லறையைப் பேருந்திலேயே வைத்துவிட்டு ஏறுவது உத்தமம். நீச்சலுடையின் மடிப்பில் வைத்தால் அதையும் சேர்த்துக் கழுவ வேண்டிவரும்.