ஒரே ஃப்ளாப்பி, மூன்று கணக்கு

1980களின் கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் கடையில் வாங்கியது ஒரே சரக்கைத்தான்: மூன்றரை அங்குல ஃப்ளாப்பி, பெட்டிக்குப் பத்து. அதில் ஒன்றை ஐபிஎம் பிசியில் ஃபார்மேட் செய்தால் 720 கிலோபைட் பிடிக்கும். ஆப்பிள் மேக்கின்டாஷில் செய்தால் 800. கமடோர் அமிகாவில் 880. தட்டும் காந்தப்பூச்சும் ஒன்றுதான். பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள் என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் அமிகாவில் எழுதியதை மேக்கில் செருகினால், இதைப் படிக்க முடியவில்லை, புதிதாக ஃபார்மேட் செய்யட்டுமா என்று அது பணிவாகக் கேட்கும். யோசிக்காமல் சரி என்று சொடுக்கிவிட்டால், நண்பர் கொடுத்தது அத்தனையும் போச்சு.

ஃப்ளாப்பியின் மேல் 0, 1 என்று எதுவும் நேரடியாகப் பதிவதில்லை. பழுப்புப் பூச்சில் காந்தத்தின் திசை இப்படியும் அப்படியும் புரண்டு கிடக்கும். தட்டு சுழலும்போது டிரைவின் தலைக்குத் தெரிவது அந்தப் புரளல் மட்டுமே. வர வேண்டிய நேரத்தில் புரளல் வந்தால் 1, வராவிட்டால் 0. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வரிசையாக நிறைய 0 வந்தால் தலைக்கு வெகுநேரம் எதுவும் கேட்காது. மோட்டாரின் வேகமோ துல்லியமானதல்ல. கடந்துபோனது எட்டு சுழியமா, ஒன்பதா? சொல்ல முடியாது. அதனால் தகவலை அப்படியே எழுதாமல், அடிக்கடி புரளல் வரும்படி மாற்றி எழுத வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில் ஒவ்வொருவரும் தனி வழி போனார்கள்.

பழைய வழி, ஒவ்வொரு பிட்டுக்கும் முன்னால் ஒரு கடிகாரத் துடிப்பைச் சேர்ப்பது. ஐந்தேகால் அங்குலத் தட்டில் அட்டாரி 810 டிரைவ் அப்படித்தான் எழுதியது. பாதி இடம் துடிப்புக்கே போய்விடுவதால் சுமார் 90 கிலோபைட்தான் தேறியது. ஐபிஎம் பிசி பயன்படுத்திய எம்எஃப்எம் முறை, இரண்டு 0 அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் துடிப்பைப் போட்டது. அதே நீளத்தில் இரண்டு மடங்கு எழுத முடிந்தது. கமடோர் 1541 டிரைவ் நான்கு பிட்டை ஐந்தாக்கி எழுதியது. ஆப்பிள் II கணினிக்கு ஸ்டீவ் வாஸ்னியாக் 1978இல் வடிவமைத்த டிரைவ், பின்னாளில் ஆறு பிட்டை எட்டாக்கி எழுதியது.

இதெல்லாம் வாடிக்கையாளரைக் கட்டிப்போடக் கம்பெனிகள் செய்த சதி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சிக்கனமாகவே தெரிகிறது. வாஸ்னியாக்கின் கண்ட்ரோலர் அட்டையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சில்லுகள். மற்றவர்கள் வன்பொருளில் செய்ததை அவர் மென்பொருளுக்குத் தள்ளிவிட்டார். விலை குறைந்தது. அடுத்த வீட்டுக் கணினி இதைப் படிக்குமா என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

இன்னொரு சிக்கனமும் இதில் உண்டு. வட்டின் வெளித்தடம் நீளம், உள்தடம் குட்டை. பிசி இதைக் கண்டுகொள்ளாமல் எல்லாத் தடத்தையும் ஒன்பது துண்டாக, அதாவது ஒன்பது செக்டாராக, எழுதியது. மேக் வெளியே போகப்போக மோட்டாரை மெதுவாக்கி, வெளித்தடத்தில் 12, உள்தடத்தில் 8 என்று நிரப்பியது. கமடோர் 1541 மோட்டாரைத் தொடவில்லை. எழுதும் வேகத்தை மாற்றி 21 முதல் 17 வரை எழுதியது. அமிகா எல்லாத் தடத்திலும் 11 செக்டார் திணித்தது. பிசி ஒரு செக்டாரை மட்டும் தனியாகத் திருத்தி எழுதும் என்பதால், பக்கத்தில் இருப்பது அழிந்துவிடாமல் இடைவெளி விட வேண்டியிருந்தது. அமிகாவோ தடத்தை முழுசாக ஒரே மூச்சில் எழுதியது. இடைவெளி மிச்சம்.

அப்படியானால் யார் வட்டை யார் படிக்க முடியும்? விடை வட்டில் இல்லை; அதைப் பிரித்துப் பார்ப்பது யார் என்பதில் இருக்கிறது. பிசியில் அந்த வேலை என்இசி 765 வகைச் சில்லுக்கு. இத்தனையாம் தடம், இத்தனையாம் செக்டார் என்று கேட்டால் எடுத்துத் தரும். தனக்குத் தெரிந்த முறையில் எழுதப்படாத எதையும் அது வெளியே காட்டவே காட்டாது. அமிகாவின் பவுலா சில்லுக்கு அவ்வளவு படிப்பு கிடையாது. தடத்தில் உள்ள பிட்டுகளை அப்படியே அள்ளி நினைவகத்தில் கொட்டிவிடும். அர்த்தம் கண்டுபிடிப்பது மென்பொருளின் பாடு. அதனால்தான் 1992இல் வொர்க்பெஞ்ச் 2.1 பதிப்போடு வந்த கிராஸ்டாஸ் என்ற மென்பொருள் ஒன்றே, அமிகாவில் பிசி வட்டைப் படிக்கவும் எழுதவும் போதுமானதாக இருந்தது. மறுதிசையில் பிசியின் சாதாரண கண்ட்ரோலரை அமிகா வட்டைப் படிக்கச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. உலகத்தில் அதிகம் விற்ற கணினிதான் இதில் பிடிவாதக்காரன்.

பிசிக்கு நெருங்கிய உறவு அட்டாரி எஸ்டி. எழுதும் முறை, செக்டார் அளவு, கோப்பு அட்டவணை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆரம்பகால எஸ்டிகள் ஃபார்மேட் செய்த வட்டின் முதல் செக்டாரில், பிசி எதிர்பார்த்த சில பைட்டுகள் இல்லை. வட்டைப் பிசியிலேயே 720 கிலோபைட்டுக்கு ஃபார்மேட் செய்து எஸ்டிக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. எஸ்டிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

மென்பொருள் விற்றவர்களுக்கு வேறு கவலை. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக வட்டு அச்சிட்டால் கட்டுப்படியாகாது. ஐந்தேகால் அங்குலக் காலத்தில் ஒரு பக்கம் கமடோருக்கு, திருப்பிப் போட்டால் அட்டாரிக்கு என்று விற்றார்கள். மூன்றரை அங்குலம் வந்ததும் திருப்பிப் போட வழியில்லை. 1988இல் வந்த ஸ்டார்கிளைடர் 2 விளையாட்டு, ஒரே வட்டில் எஸ்டியிலும் அமிகாவிலும் ஓடியது. அதே ஆண்டு பிரிட்டனில் தொடங்கிய எஸ்டி/அமிகா ஃபார்மேட் இதழும் இரண்டுக்கும் பொதுவான வட்டை இலவசமாக இணைத்தது. இரண்டு கணினியும் இயங்கத் தொடங்கும்போது தேடுவது அதே முதல் தடத்தைத்தான். அந்த ஒரு தடத்தில் இருவருக்கும் வேண்டியதைக் கலந்து எழுதிவிட்டால், மீதித் தடங்களைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கணினி செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிள் 1988இல் தன் பழைய முறையும் பிசியின் எம்எஃப்எம் முறையும் தெரிந்த டிரைவை மேக்கில் வைத்தது. கமடோரும் 1985இலேயே 1571 டிரைவில் எம்எஃப்எம் கண்ட்ரோலர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, ஆஸ்போர்ன், கேப்ரோ கணினிகளின் வட்டைப் படிக்க வைத்திருந்தது. ஆளுக்கொரு சில்லு சேர்க்கும் வழி இது, செலவு கூடும்.

இன்று ஆவணக் காப்பாளர்கள் கையாளும் கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகைகள் பவுலாவின் வழியில் இன்னும் ஒரு படி கீழே இறங்குகின்றன. பிட்டைக்கூட அவை கேட்பதில்லை. ஒரு புரளலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பதிவு செய்கின்றன. இது மேக்கா, கமடோரா என்பதைப் பிறகு சாவகாசமாகக் கண்டுபிடிக்கலாம். மோட்டார் வேகத்தை மாற்றி எழுதிய மேக்கின் 800 கிலோபைட் வட்டைக்கூட, ஒரே வேகத்தில் சுற்றும் சாதாரண பிசி டிரைவை வைத்தே இப்படிப் படித்துவிடலாம்.

ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகாவில் வரைந்து பார்த்த படங்கள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தின் ஃப்ளாப்பிகளில் கிடந்தன. கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சலின் தூண்டுதலில் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் கிரையோஃப்ளக்ஸ் கொண்டு அந்த வட்டுகளைப் படியெடுத்தனர். 2014இல் படங்கள் வெளியாயின. படியெடுத்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. வார்ஹால் வரைந்தபோது அமிகாவே அப்போதுதான் பிறந்திருந்தது. அவர் பயன்படுத்திய ஓவிய மென்பொருள் விற்பனைக்கு வருவதற்கு முந்தைய பதிப்பு. அது படத்தைச் சேமித்த வடிவம் பின்னாளில் வந்த எந்த மென்பொருளுக்கும் தெரியவில்லை. கழகத்து மாணவர்கள் அந்தக் கோப்புகளை பைட் பைட்டாகப் பிரித்து, எது நிறம், எது புள்ளி என்று கண்டுபிடித்த பிறகுதான் வார்ஹால் வரைந்த கேம்ப்பெல் சூப் டப்பா திரையில் வந்தது.