வீட்டுக் கோழி ஏன் குறைவாக முட்டையிடுகிறது?

மைசூரு நகரின் புறத்தே, கொல்லைப்புறமுள்ள வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார் நான்கைந்து கோழிகளை வளர்க்க விரும்புவது இயல்பே. அவ்வாறு வளர்ப்போர் கூறும் குறை ஒன்றுண்டு: தீனி செலவாகிறது, முட்டையோ சேர்வதில்லை. முடிவில் கோழி குழம்பாகிவிடுகிறது. தண்டனை விதிக்குமுன் குற்றம் எவருடையது என்று ஆராய்தல் நன்று.

முதலில் நம் எதிர்பார்ப்பையே அளந்து பார்ப்போம். நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. அது பல தலைமுறைகளாக முட்டைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இனம். அடைகாக்கும் இயல்பையே ஏறக்குறைய மறந்துவிட்டது. நாட்டுக்கோழியின் கணக்கு வேறு. (கன்னடத்தாரும் அதனை ‘நாட்டி கோளி’ என்றே வழங்குகின்றனர்.) அது 20 நாட்களில் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டைகள் இடும்; 21 நாட்கள் அடைகாக்கும்; பின்னர் இரண்டு மாதங்களுக்கு மேல் குஞ்சுகளைப் பேணும். இச்சுற்று ஒன்றுக்கு நூறு நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே ஓராண்டில் 50 அல்லது 60 முட்டைகள் கிடைத்தால் அக்கோழி தன் கடமையில் தவறவில்லை. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா இனம் 130 முதல் 150 வரை இடும், கொல்லைப்புறத்திற்கும் ஏற்றது.

குஞ்சு வேண்டாதவர்கள் முட்டைகளை நாள்தோறும் எடுத்துவிட வேண்டும். அடைக்கு அமர்ந்துவிட்ட கோழியைத் தண்ணீரில் முக்குவாரும் உளர். அது வேண்டாத கொடுமை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில், தீனியும் நீரும் வைத்து, மூன்று நான்கு நாட்கள் விட்டாலே அடைக்குணம் தணியும்.

இனி, பலர் எண்ணிப் பாராத காரணம் ஒன்று: வெளிச்சம். கண்வழியாகவும் மண்டையோட்டின் வழியாகவும் மூளையை அடையும் ஒளியே முட்டைப்பையைத் தூண்டுகிறது. நிறைய முட்டையிடும் இனங்களுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. மைசூருவிலோ ஜூன் மாதத்து நெடும்பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. டிசம்பரில் பதினொன்றரை மணிக்கும் சற்றுக் குறைவு. விடியுமுன் கூட்டில் சிறு விளக்கொன்றை ஏற்றி வைத்தால் இக்குறை தீரும். இரவில் ஏற்றித் திடீரென அணைப்பது தகாது. கோழிகள் இருளில் தங்கும் கொம்பை அடைய இயலாது தடுமாறும். நாட்டுக்கோழிக்கு இம்முறையால் பெரும்பயன் விளையுமென்று எண்ண வேண்டா.

தீனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மிஞ்சிய சோறும் ஒரு பிடி கேழ்வரகும் போதுமென்று நம்மவர் கருதுகின்றனர். தானியங்களுள் சுண்ணாம்புச் சத்து மிக்கது கேழ்வரகே. ஆயினும் 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம்தான் உண்டு. ஒரு முட்டை ஓட்டிற்கோ ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். குறை வீழ்ந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். பின்னர் ஓடு மெலியும். அதன்பின் முட்டையே நின்றுவிடும். இடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டிய அளவைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும். சோற்றில் புரதமும் குறைவு. கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கறையான் ஆகியவை அதனை ஈடுசெய்யும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும்.

தண்ணீர் ஒரு நாள் வற்றினாலும் முட்டை குறையும். சில வேளை முட்டை குறைவதே இல்லை. வைக்கோற்போரிலோ வேலியடியிலோ இட்டதைக் கீரி கொண்டுபோயிருக்கும்.

கோழியைக் கழிக்க எண்ணுவோர் அதன் பின்புறத்து இரு இடுப்பெலும்புகளின் நடுவே விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே நுழைந்தால் இப்போது இடவில்லை. ஆயினும் இறகு உதிர்க்கும் காலமாயின் இரண்டு மூன்று மாதம் பொறுத்திருங்கள், மீண்டும் இடும்.

எல்லாக் கோழிகளும் ஒருங்கே முட்டையை நிறுத்தி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், அது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் ஊசியும் போட்டுக்கொள்வதே காப்பு. அரசுக் கால்நடை மருத்துவமனையில் விசாரித்தால் வழி கூறுவார்கள்.