கேம்பிரிட்ஜ் கல்லூரிப் படகுக் கழகங்கள்: மூன்றாண்டில் விடைபெறும் மாணவர்கள் 200 ஆண்டு மரபை நடத்துவது எப்படி?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஓடும் கேம் ஆறு அகலம் குறைந்தது, வளைவுகள் மிகுந்தது. இரண்டு பந்தயப் படகுகள் இணையாக நெடுந்தொலைவு செல்ல அதில் இடமில்லை. பயிற்சிக்கு உகந்த பகுதியும் இரண்டு மதகுகளுக்கு இடைப்பட்ட சில கிலோமீட்டர் மட்டுமே. ஆயினும் பல்கலைக்கழகம் இயங்கும் வாரங்களில், குளிர்கால வைகறையிலும் எட்டுத் துடுப்புப் படகுகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். துடுப்பு வலிப்பவர்கள் மட்டுமல்லர்; பயிற்சி அட்டவணை வகுப்பவர்கள், கழகத்தின் வரவு செலவு பார்ப்பவர்கள், படகைச் செலுத்தும் பொறுப்பை ஏற்பவர்கள் என அனைவருமே பெரும்பாலும் 19, 20 வயது மாணவர்கள்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் புகழ்பெற்ற படகுப் பந்தயத்தைப் பலரும் அறிவர். 1829-இல் தொடங்கிய அப்போட்டியில் பங்கேற்போர் பல்கலைக்கழக அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைசிறந்த வீரர்கள். கல்லூரிப் படகுக் கழகங்களின் உலகம் வேறு. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் உள்ளன. ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனியாகவோ பிற கல்லூரியுடன் சேர்ந்தோ படகுக் கழகம் வைத்திருக்கிறது. துடுப்பையே தொட்டிராதவரும் இதில் சேரலாம். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் கழகம் 1825-இல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் அணிந்த தீச்சிவப்பு மேலங்கியிலிருந்தே ‘பிளேசர்’ என்ற சொல் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

புதியவர்களைத் தேடும் அக்டோபர்

கல்வியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. முதலாண்டு மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைந்த சில நாள்களிலேயே படகுக் கழகத்தார் அவர்களை அணுகிவிடுவர். இது வெறும் உற்சாகமன்று. கழகத்தின் உயிர்ப் பிரச்சினை. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் மூன்றாண்டுகள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அனுபவம் வாய்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். அவர்களது இடத்தை நிரப்பப் புதியவர்கள் வராவிடில், இரண்டே ஆண்டுகளில் படகுக்கு எட்டுப் பேர் தேறமாட்டார்கள்.

புதியவர்களைப் பழக்கும் பணியும் மாணவர்களுடையதே. சென்ற ஆண்டு தாமே தட்டுத்தடுமாறிக் கற்றவர், இந்த ஆண்டு கரையோரப் பாதையில் மிதிவண்டியில் சென்றவாறே படகிலுள்ளோருக்குக் கற்றுக்கொடுக்கிறார். எட்டுப் பேரும் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்திருப்பர். முன்னோக்கிப் பார்ப்பவர் சுக்கானைக் கையாளும் ஒன்பதாமவர் மட்டுமே. ‘காக்ஸ்’ எனப்படும் அவரது சொல்லுக்கு எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி, ஒரே கணத்தில் மேலெழ வேண்டும். ஒருவர் சற்றுப் பிசகினாலும் துடுப்பு நீருக்குள் சிக்கிக்கொண்டு, அதன் கைப்பிடி அவரையே தாக்கும். ‘நண்டு பிடித்தல்’ என்று படகோட்டிகள் இதைக் கேலியாகக் கூறுவர். முதல் பருவத்தில் நண்டு பிடிக்காத புதியவர் அரிது.

இவர்களுக்கெனத் தனிப் போட்டிகளும் உண்டு. அவற்றையும் கழகங்களே பங்கிட்டு நடத்துகின்றன. குவீன்ஸ் கல்லூரிக் கழகம், ‘எர்க்’ எனப்படும் உடற்பயிற்சி இயந்திரத்தில் தொடர் போட்டியை நடத்துகிறது. இம்மானுவேல் கழகத்தின் குறுந்தொலைவுப் பந்தயத்தில் வேடமணிந்து படகோட்டுவது வழக்கம். பருவ இறுதியில் ஜீசஸ் கல்லூரிக் கழகம் நடத்தும் ஃபேர்பேர்ன் கோப்பை, சற்று நீண்ட தொலைவைக் கடிகாரத்தோடு போட்டியிட்டுக் கடக்கும் பந்தயம். இவையனைத்தும் எட்டு வாரப் பருவத்துக்குள் முடிந்துவிடும்.

முன்னே செல்லும் படகை முட்டினால் வெற்றி

கல்லூரிப் படகோட்டத்தின் உச்சம் ‘பம்ப்ஸ்’ எனப்படும் முட்டுப் பந்தயம். ஆறு குறுகியது என்பதால் உருவான முறை இது. படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ ஒன்றரைப் படகு நீள இடைவெளியில், கரையோரம் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. ஒரு பிரிவில் வழக்கமாக 17 படகுகள். பந்தயத்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் ஒரு பீரங்கி முழங்கும். ஒரு நிமிடம் இருக்கையில் மற்றொன்று. கரையில் கட்டிய சங்கிலியின் முனையைக் காக்ஸ் பற்றியிருக்க, படகைக் கழியால் நீரோட்டத்துக்குத் தள்ளுவர். மூன்றாவது முழக்கத்தில் சங்கிலி கைவிடப்படும்.

அதன்பின் ஒவ்வொரு படகுக்கும் இரண்டு கவலைகள். முன்னே செல்லும் படகை எட்டிப் பிடிக்க வேண்டும்; பின்னே துரத்தும் படகிடம் பிடிபடாமல் தப்ப வேண்டும். முன் படகைத் தொட்டாலோ தாண்டினாலோ, அதன் காக்ஸ் கையுயர்த்தித் தோல்வியை ஏற்றாலோ ‘பம்ப்’. முட்டிய படகும் முட்டப்பட்ட படகும் கரை ஒதுங்கிப் பிற படகுகளுக்கு வழிவிடும். மறுநாள் இவ்விரு படகுகளும் இடம் மாறி நிற்கும். படகிலிருப்போருக்கு இலக்கு தெரியாது என்பதால், கரையில் உடன்வருவோர் ஊதலால் அறிவிக்கின்றனர். ஒருமுறை ஊதினால் இடைவெளி ஒரு படகு நீளம், இருமுறை அரை நீளம், மும்முறை கால் நீளம். விடாமல் ஊதினால் இரண்டு படகுகளும் ஒட்டிவிட்டன என்று பொருள். முதுகுப் புறத்திலிருந்து கேட்கும் அந்த ஒலிதான் களைத்த கைகளுக்கு மீண்டும் வலுவூட்டுகிறது.

பந்தயம் நான்கு நாள் நடைபெறும். நான்கு நாளும் முட்டி முன்னேறிய அணியினருக்கு, கல்லூரி வண்ணம் தீட்டிய துடுப்பு வாழ்நாள் நினைவுப் பரிசு. நான்கு நாளும் முட்டப்பட்டவர்களுக்கு ‘கரண்டி’ என்ற அவப்பெயர். ஆண்டுக்கு இருமுறை இப்பந்தயம் உண்டு: வசந்தத்துக்கு முந்தைய லென்ட் பருவத்தில் ஒன்று, தேர்வுகள் முடிந்த ஜூனில் மற்றொன்று. ஜூனில் நடந்தாலும் இதற்குப் பெயர் ‘மே பம்ப்ஸ்’. முன்பு மே மாதத்தில் நடந்ததன் எச்சம்.

இதில் கூர்ந்து நோக்க வேண்டியது, நான்காம் நாள் மாலையில் அமையும் வரிசை அத்துடன் அழிந்துவிடுவதில்லை. அடுத்த ஆண்டின் முதல் நாளில் அதே வரிசையில்தான் படகுகள் நிறுத்தப்படும். ஆகவே எந்த மாணவர் அணியும் தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்குவதில்லை. முன்னவர்கள் ஈட்டிய இடத்தையோ இழந்த இடத்தையோ ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. மேல்நிலை மாணவர்கள் திறமையாக ஓட்டி முதல் பிரிவில் விட்டுச்சென்ற படகில், அந்த வேகத்துக்குத் தகுதியற்ற அணி அமர நேரிட்டால், நான்கு நாளும் தோல்விதான். கடைசி இடங்களுக்குத் தகுதிப் போட்டியும் உண்டு. அதில் தோற்ற அணி அவ்வாண்டு பந்தயத்திலேயே இடம்பெறாது.

கோவிட் பெருந்தொற்று இந்தச் சங்கிலியைச் சோதித்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் மே பம்ப்ஸ் நடைபெறவில்லை. 2022-இல் மீண்டும் தொடங்கியபோது அடிப்படையானது 2019-இன் வரிசை. ஆனால் 2019-இல் துடுப்பு வலித்த இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றிருந்தனர். கற்பிக்க வேண்டியவர்களே முட்டுப் பந்தயத்தைக் கண்டிராத நிலையில் கழகங்கள் மீண்டும் எழ வேண்டியிருந்தது.

யார் பொறுப்பு?

ஒரு கழகத்தில் ஆண்கள் அணி, பெண்கள் அணிகளுக்குத் தனித்தனி கேப்டன்கள் இருப்பர். கீழ்நிலைப் படகுகளுக்கு வேறு கேப்டன்கள். செயலாளர், பொருளாளர், சீருடைப் பொறுப்பாளர் ஆகியோரும் மாணவர்களே. மூத்த பொருளாளராகக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் கணக்கை மேற்பார்வையிடுவார். படகுகளைப் பழுதுபார்க்கச் சம்பளம் பெறும் படகுப் பணியாளர் உண்டு; கழகத்தின் நினைவாற்றல் என்று அவரைச் சொல்லலாம். மாணவர்கள் மாறினாலும் எந்தப் படகில் எங்கே ஒட்டுப்போட்டது என்பதை அவர் அறிவார்.

பணத்தின் சுமை சிறிதன்று. புதிய எட்டுத் துடுப்புப் படகு ஒன்றின் விலை பல பத்தாயிரம் பவுண்டுகள். உறுப்பினர் கட்டணத்தாலும் கல்லூரி மானியத்தாலும் மட்டும் அதை ஈடுகட்ட இயலாது. முன்னாள் மாணவர்களின் நன்கொடையே பெருந்துணை. வளமான கல்லூரிக்கும் சிறிய கல்லூரிக்கும் இடையிலான வேறுபாடு படகுக் கொட்டகையில் வெளிப்படையாகத் தெரியும். பந்தய வரிசையிலும் அதன் சாயல் உண்டு என்பதை மறுக்க முடியாது.

பாதுகாப்பும் பெரிய பொறுப்பு. 1888-இல் லென்ட் பந்தயத்தில் ஒரு படகின் கூர்முனை பாய்ந்து மாணவர் ஒருவர் உயிரிழந்தார். படகு முனையில் ரப்பர் பந்து பொருத்தும் விதி அதன்பின் வந்தது. இன்று அனைத்துக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஆற்றின் நிலையைப் பொறுத்துக் கொடி ஏற்றுகிறது. நீரோட்டம் மிகுந்தால் முதலில் தடைபடுவது புதியவர்களின் படகு. விடியும் நேரத்துக்கு முன் படகு இறக்குவதற்கும் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்புப் படகுகள், நடைபாதையினர், அன்னங்கள் என ஆற்றைப் பகிர்ந்துகொள்வோர் பலர்.

பெண்கள் இவ்வுலகில் இடம்பெற நெடுங்காலம் ஆனது. பெண்கள் கல்லூரியான நியூன்ஹாமில் 1893-இலேயே படகுக் கழகம் தோன்றியது. ஆயினும் மே பம்ப்ஸில் பெண்களுக்கான பந்தயம் 1974-இல்தான் தொடங்கியது. அதுவும் நான்கு துடுப்புப் படகுகளில். எட்டுத் துடுப்புப் படகுக்கு மாற 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்திலிருந்து இந்த விளையாட்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தா படகுக் கழகம் 1858-இலும், அடையாற்றங்கரையில் மெட்ராஸ் படகுக் கழகம் 1867-இலும் தொடங்கப்பட்டன. எனினும் அவை மாணவர் கழகங்கள் அல்ல. மாணவர் பொறுப்பில் இயங்குவதற்கு நம் நாட்டில் புணே பொறியியல் கல்லூரியின் படகுக் கழகத்தையும், அதன் ஆண்டு விழாவான ‘ரெகாட்டா’வையும் எடுத்துக்காட்டலாம்.

கேம்பிரிட்ஜில் மே பம்ப்ஸ் முடிந்ததும் அணிகள் இலைக் கொத்துகளைச் சூடிக் கொட்டகைக்குத் திரும்புகின்றன. பொறுப்பேற்கும் புதிய கேப்டன்களிடம் சாவிகளும் கணக்கேடும் பழுது நிலுவையிலுள்ள படகுகளின் பட்டியலும் ஒப்படைக்கப்படுகின்றன. கோடை விடுமுறைக்குப் பின் அக்டோபரில் புதியவர்களைச் சேர்க்கும் மேசையில் அமரப்போவது அவர்களே.