மின்கடிதங்களைக் காக்கும் பெட்டி

இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு மின்னஞ்சலைப் பற்றி எழுதத் தகுதி ஏது என அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினாவில் தவறில்லை. பத்தாம் வகுப்போடு நாம் படிப்பை நிறுத்திக்கொண்டோம். ஆயினும் சென்ற ஆண்டு நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும் எனத் தோன்றியமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையார் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர். அல்சூரில் குடியமர்ந்தார். நம் தமையனார் 2001ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார். அந்நாளில் தொலைபேசிக் கட்டணம் மிகுதி. ஆதலால் தந்தையார் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்து, ஐம்பது வயதுக்குமேல் தமிழ்த் தட்டெழுத்தும் பழகி, வாரந்தோறும் மகனுக்குக் கடிதம் எழுதி வந்தார். மகனிடமிருந்தும் தவறாது மறுமொழி வரும். பின்னர்க் கைப்பேசி வந்தது, கடிதம் நின்றது. தந்தையாரும் காலமானார். கணினி பரண்மீது ஏறியது.

சென்ற ஆண்டு அவர் நினைவு நாளன்று அன்னையார் நம்மை அழைத்து, "உங்க அப்பாவும் அண்ணனும் எழுதிக்கிட்டதெல்லாம் அந்தப் பொட்டியிலேதானே இருக்கு? ஒருநாள் எனக்குப் படிச்சுக் காட்டுப்பா" என்றார். எளிய வேண்டுகோள். அதனை நிறைவேற்ற நமக்கு நான்கு மாதங்கள் ஆயின.

பரணிலிருந்து இறக்கிய கணினி நற்பேறாக உயிர் பெற்றது. கடிதங்கள் இருந்த கோப்புகளைப் பெயர்த்தெடுத்து நம் புதிய கணினியில் இட்டோம். அது அவற்றைத் திறக்க மறுத்துவிட்டது. பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டினோம். "கோப்பு கெட்டுவிட்டது, விட்டுவிடுங்கள்" என்றார்கள். ஆனால் அதே கோப்பு பழைய கணினியில் ஒழுங்காகத் திறக்கின்றதே! கெட்ட கோப்பு அங்கு மட்டும் எவ்வாறு திறக்கும்? இந்த ஐயமே நம்மை மேலும் விசாரிக்கத் தூண்டியது.

நம் துறையிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். சென்னைப் பக்கத்திலிருந்து 1864இல் பெங்களூருக்கு வந்த பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீட்டர். மைசூருக்குச் சென்றதோ மீட்டர் பாதை. அதன் அகலம் 1,000 மில்லிமீட்டரே. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆதலால் இருவகைப் பாதைகளும் கூடும் நிலையங்களில் அரிசி மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. காலம் வீணாகும், சாக்கு கிழியும், அரிசி சிந்தும். 1992இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் மைசூர்ப் பாதையும் அந்தப் பத்தாண்டில் அகலமாயிற்று. இதில் கருத வேண்டுவது ஒன்று. அரிசியில் குற்றமில்லை, வண்டிகள் பொருந்தாமையே குற்றம். நம் கடிதங்களின் நிலையும் அதுவே.

மின்கடிதம் ஒன்று எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு 1982ஆம் ஆண்டிலேயே பொதுவிதி வகுக்கப்பட்டது. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகியவை தலைப்பில் வரவேண்டும். ஒரு வெற்று வரிக்குப்பின் செய்தி வரவேண்டும். அவ்விதி 2008இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆதலால் எந்நாட்டுக் கணினி எழுதிய கடிதத்தையும் எந்நாட்டுக் கணினியும் பெற்றுக்கொள்கிறது. ஆனால் வந்து சேர்ந்த கடிதங்களைப் பெட்டியில் எவ்வாறு அடுக்கிவைப்பது என்பதை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை. ஒவ்வொரு செயலியும் தன் விருப்பம்போல் பெட்டி செய்துகொண்டது.

அவற்றுள் மிகப் பழையது 'எம்பாக்ஸ்'. ஒரே கோப்பில் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்லும் முறை இது. கணக்குப் பேரேட்டை ஒத்தது. 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் புதிய கடிதம் தொடங்குகிறது எனப் பொருள். கடிதம் எழுதுபவரே ஒரு வரியை அச்சொல்லால் தொடங்கிவிட்டால் கடிதம் இரண்டாகப் பிளந்துவிடும். அதனைத் தடுக்க, அச்சொல்லின் முன் ஓர் அம்புக்குறியைச் செருகுவது வழக்கம்.

இரண்டாவது 'மெயில்டிர்'. 1990களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிஞர் தம் அஞ்சல் மென்பொருளுக்காக வகுத்தது. இதில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. ஒன்று கெட்டாலும் ஏனையவை தப்பும். படித்த கடிதம், மறுமொழி எழுதிய கடிதம் என்னும் அடையாளங்களைக் கோப்பின் பெயரிலேயே ஒரு முக்காற்புள்ளிக்குப் பின் குறித்துவைப்பர். விண்டோஸ் கணினியோ கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. அங்கும் பொருந்தாமை தோன்றுகிறது!

மூன்றாவது வகை, நிறுவனங்கள் தம் செயலிக்கென்றே செய்துகொண்ட தனிப்பெட்டி. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் செயலிக்குரிய 'பி.எஸ்.டி.' கோப்பு இவ்வகையினது. இதன் பழைய வடிவம் 2 கிகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. 2003இல் பெரிய வடிவம் வந்தது. உள்ளமைப்பின் விவரத்தை அந்நிறுவனம் 2010இல் பொதுவில் வெளியிட்டது. தந்தையார் பயன்படுத்திய செயலியும் தனிப்பெட்டி வகையே. செயலி வழக்கொழிந்தது, பெட்டிக்குத் திறவுகோல் இல்லாமற் போயிற்று.

அஞ்சல் நிலையத்தில், அதாவது சர்வரில், ஒரு படி இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கு அக்காலத்து நிலையை அறிய வேண்டும். நம் நாட்டில் 1986இல் தொடங்கிய 'எர்நெட்' வலையமைப்பில் இந்நகரத்து இந்திய அறிவியல் கழகம் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. ஆனால் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டு 15இல், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வாயிலாகவே. தொலைபேசிக் கம்பி வழியே இணைத்து, பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே மக்கள் 'பாப்' என்னும் முறையைக் கையாண்டனர். இணைப்பைப் பெறுவது, கடிதங்களை வீட்டுக் கணினிக்கு இறக்கிக்கொள்வது, உடனே இணைப்பைத் துண்டிப்பது. இறக்கியவுடன் சர்வரில் இருந்த படி பெரும்பாலும் அழிக்கப்படும். தந்தையாரும் சிக்கனம் கருதி அவ்வாறே செய்தார்.

இன்று வழக்கிலிருக்கும் 'ஐமேப்' முறை வேறு. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பார் இதற்கு வித்திட்டார். இதில் கடிதங்கள் சர்வரிலேயே தங்கும். சர்வர் தன் பெட்டியை எவ்வடிவில் வைத்திருப்பினும் செயலிக்குக் கவலையில்லை. "இந்தக் கடிதத்தைத் தருக" எனச் செயலி கேட்கும். சர்வர் பொதுவிதிப்படி எடுத்துக் கொடுக்கும். பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குக் கடிதங்களை மாற்ற இதுவே நல்ல மேடை. நாமும் முயன்றோம். ஆனால் இன்றைய சர்வர்கள் கேட்கும் பாதுகாப்பு முறை அப்பழைய செயலிக்குத் தெரியாது. சர்வர் கதவைத் திறக்கவில்லை.

இறுதியில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் வழி கண்டார். பழைய கணினியிலேயே மற்றொரு கடிதச் செயலியின் முந்தைய பதிப்பை நிறுவினார். அது பக்கத்திலிருந்த செயலியின் கடிதங்களைத் தானே வாங்கி எம்பாக்ஸ் வடிவில் எழுதிக்கொண்டது. அக்கோப்பைப் புதிய கணினியில் இட்டவுடன் பெட்டி திறந்தது. எண்ணினால் 412 கடிதங்கள்!

ஆனால் எழுத்துகள் தமிழாக இல்லை. ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து நின்றன. மனம் சோர்ந்தது. இளைஞர் நகைத்து, "ஐயா, இது வேறு பூட்டு" என்றார். அக்காலத்தில் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. உலகத் தமிழர் சிலர் கூடி 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். தமிழக அரசு 1999இல் 'தாப்', 'தாம்' என்னும் முறைகளை அறிவித்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், அது பரவச் சில ஆண்டுகள் ஆயின. தந்தையார் எழுதியது திஸ்கியில். மாற்றியொன்றில் இட்டவுடன் ஒவ்வொரு வரியும் தமிழாயிற்று. பெட்டி மாறியும் உள்ளிருந்த எழுத்து ஒன்றும் கெடவில்லை. ஒரு கடிதத்தில் மட்டும், "ஃப்ரம் சாங்கி டு தெம்பனிஸ்" எனத் தமையனார் ஆங்கிலத்தில் தொடங்கியிருந்த வரியின் முன் ஓர் அம்புக்குறி நின்றது. நாம் அதனை அழிக்கவில்லை.

அன்றிரவு அன்னையாருக்குப் படித்துக் காட்டினோம். 2004ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் தந்தையார் எழுதியிருந்தார்: கண்ணில் புரை விழுந்திருக்கிறது; அம்மாவிடம் சொல்ல வேண்டாம்; நீ அனுப்பிய பணத்தில் தம்பியின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்; கண்ணை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். படித்துக்கொண்டிருந்த நாமே அந்தத் தம்பி. அக்கட்டணத்தால் தேறிய பத்தாம் வகுப்பே நமக்கு இன்று சோறிடுகிறது. அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்த வருஷம் பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுப் படிப்பார். வயசாச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். நாம் பட்டறிந்து கூறுவன சில. பழைய செயலி இயங்கும் கணினி இருக்குமாயின், கடிதங்களை வெளியே எடுக்குமுன் அதனைக் கழித்துக்கட்டாதீர்கள். மூலக்கோப்பைத் தொடாமல் படியெடுத்து, அப்படியில் வேலை செய்யுங்கள். கடிதங்களை எம்பாக்ஸ் வடிவிலோ, ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பாக 'ஈ.எம்.எல்.' வடிவிலோ மாற்றி, இரண்டு இடங்களில் வையுங்கள். இவ்விரண்டையும் பற்பல செயலிகள் படிக்கும். சர்வரில்தான் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கணக்கு முடக்கப்படலாம், சேவையே நிறுத்தப்படலாம். கூகுளின் கடிதச் சேவை தன் பெட்டி முழுவதையும் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கித் தருகிறது. ஆண்டுக்கொருமுறை, பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது, அதனையும் செய்துவிடலாம்.

இயலாதவர்கள் ஞாயிறு மாலைகளில் கணினியோடு சங்கத்துக்கு வருக. அவ்விளைஞரும் நாமும் அங்கிருப்போம்.