பழைய தொட்டியும் புதிய கடலும்

பழைய சாமான் வாங்குவதில் நமக்கு எப்போதும் ஓர் அசட்டுத் துணிச்சல் உண்டு. பழைய புத்தகம் வாங்கினால் இரண்டு தாள் குறைந்திருக்கும். பழைய சைக்கிள் வாங்கினால் பிரேக் பிடிக்காது. இவையெல்லாம் வாங்கிய அன்றே தெரிந்துவிடும் குறைகள். சிரித்து விட்டுச் சும்மா இருந்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் வரையில் சாதுவாக இருந்து, அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் தன் சுயரூபத்தைக் காட்டிய சாமான் ஒன்றும் உண்டு. அது ஒரு மீன் தொட்டி. தங்கமீன் நீந்தும் சாதாரணத் தொட்டி அல்ல; உப்பு நீர் நிறைத்து, பாறை அடுக்கி, சமுத்திரத்தில் ஒரு மூலையை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல் அமைக்கும் கடல் தொட்டி.

சென்னைவாசிகளுக்கு இந்த ஆசை புதிதல்ல. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொது ஜனங்களுக்காக மீன் காட்சிச் சாலை திறந்தது 1853-ல். நம் சென்னைக் கடற்கரையில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் அமைந்த மீன் காட்சிச் சாலை 1909-ல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. அதைப் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. கடற்கரை ஊரில் வளரும் குழந்தைகளே கடலுக்குள் இருப்பதைக் கண்டதில்லை என்பது ஓர் உபாத்தியாயருக்கு உறுத்தாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கழகத்தில் பிள்ளைகள் கண்காட்சி நடத்திச் சேர்த்த பணம் இருந்தது. ஆசிரியர்கள் சிலரும் கை கொடுத்தார்கள். மொத்தம் ரூ.28,000. புதிதாக எல்லாம் வாங்குவதானால் இதைப் போல் மூன்று பங்காவது வேண்டும். ஆகவே பழையதைத் தேடிப் புறப்பட்டோம்.

கடல் தொட்டி விற்பவர்கள் பெரும்பாலும் மூன்று விதம். உத்தியோக மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர், வீட்டில் குழந்தை பிறந்து நேரம் இல்லாமற் போனவர், மின்சாரக் கட்டணச் சீட்டைக் கண்டு மனம் மாறியவர். மூன்றாமவர் தொகைதான் அதிகம். ஐரோப்பாவில் இத்தொட்டிக்கு வெந்நீர்க் கருவி வேண்டும். நம் ஊரிலோ குளிரூட்டும் யந்திரம் வேண்டும். பவளப் பாறை ஜீவன்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை உகந்தது. சித்திரை வெயிலில் தொட்டி நீர் 32-ஐத் தாண்டிவிட்டால் அவற்றின் கதி அதோகதிதான். ஆகவே 'சில்லர்' என்னும் அந்த யந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. மீட்டரும் கூடவே ஓடுகிறது.

நகரின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நமக்குத் தொட்டி அகப்பட்டது. வீட்டுக்காரர் மரியாதைப்பட்டவர். காப்பி கொடுத்து உபசரித்தார். "எல்லாம் நல்லபடியாக வாழ்ந்த தொட்டி, ஸார். ஒரு குறையும் கிடையாது" என்றார். நாமும் ஏதோ கரைத்துக் குடித்தவரைப் போல் தலையாட்டிவிட்டுப் பரிசோதனையில் இறங்கினோம்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 255 லிட்டர் கொள்ளும். உப்பு நீராக நிரப்பினால் நீர் மட்டுமே 260 கிலோவுக்கு மேல் நிற்கும். கண்ணாடியையும் பாறையையும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தொட்டியைக்கூட அல்ல, அதைத் தாங்கும் மேஜையை. பிறகு கண்ணாடி மூலைகளில் பூசியிருக்கும் சிலிக்கோன் பசையை நகத்தால் மெல்ல வருடிப் பார்க்க வேண்டும். ஓரம் உரிந்து வந்தால் வாங்காதிருப்பதே மேல். மேலே கொஞ்சம் பூசிக்கொள்ளலாம் என்பார்கள். பழைய பசையின் மேல் புதிய பசை ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். அப்போதும் குளியலறைக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் பசை உதவாது. அது மீனையும் கொல்லும். நாம் பார்த்த தொட்டியின் மூலைகள் திடமாக இருந்தன. இருந்தாலும் கொண்டு வந்ததும் முற்றத்தில் சமதரையில் வைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பி, இரண்டு நாள் காவல் காத்தோம். தாள் நனையவில்லை.

அடுத்தது நுரை வடிக்கும் கருவி. 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்று பெயர். பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்களை நீரில் கலந்தால், நீரில் கரைந்திருக்கும் அழுக்கு அக்குமிழ்களின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலெழும். அந்த நுரை ஒரு கிண்ணத்தில் வழிந்து, தேநீர் நிறத்தில் துர்நாற்றம் வீசும் திரவமாகச் சேரும். கடலோரத்தில் அலை அடித்து நுரை ஒதுங்குகிறதே, அதே தத்துவந்தான். பழைய ஸ்கிம்மர் வாங்க நாம் அஞ்ச வேண்டியதில்லை. சுண்ணாம்பு படிந்து மந்தமாகியிருந்தால், பாகங்களைக் கழற்றி ஓர் இரவு வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊறப் போட்டால் புதிதாகிவிடும். கழுவி மாட்டிய பின் சில நாள் நுரை சரியாக வராது. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

நீரைச் சுழற்றும் பம்புகளில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அவற்றின் நடுவே சுழலும் காந்தத்தை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். மேலுறை வெடித்துத் துருவின் சிவப்பு தெரிந்தால், அந்தப் பம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வேண்டாம். உலோகம் நீரில் கரைந்துகொண்டே இருக்கும். நமக்குக் காட்டிய மூன்றில் ஒன்று இவ்விதம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டோம்.

குளிர் யந்திரத்தை ஓடவிட்டே வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கலாகாது. ஒரு வாளி நீரில் குழாயை விட்டு, அரைமணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்த்தோம். உள்ளே நீர் தொடும் சுருள் டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆனதா என்பதையும் விசாரித்தோம். உப்பு நீர் மற்ற உலோகங்களை அரித்துவிடும். அது டைட்டானியந்தான். விளக்கில் விசிறி துருப்பிடித்திருந்தது. அதற்கு விலையில் ஆயிரம் குறைந்தது. நீரைச் சுத்திகரிக்கும் குழாய்களில் கூடுகளை மட்டும் பழையதாக வாங்கலாம். உள்ளே இருக்கும் வடிகட்டிகளைப் புதிதாகவே போட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பெருமையில் இருந்தபோது, வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே வெண்மையான பவளக் கிளைகள். ஒரு விசிறிப் பவளம். உலர்ந்த கடற்குதிரை இரண்டு. "இவையும் உங்களுக்குத்தான், பணம் வேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார். அவர் எண்ணம் நல்லதுதான். ஆனால் கல் பவளம், கரும் பவளம், விசிறிப் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை யாவும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருடன் இருந்தாலும் உலர்ந்திருந்தாலும், விற்றாலும் இனாமாகக் கொடுத்தாலும் குற்றந்தான். தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1986-ல். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி அந்தத் தீவுகளைக் கரைத்த கதை தென்பாண்டிச் சீமையார் அறிந்ததே. பழைய தொட்டியுடன் இனாமாக வரும் 'உயிர்ப் பாறை' பல சமயம் அங்கிருந்து பெயர்த்ததாக இருக்கக்கூடும். ஆகையால் பெட்டியைப் பணிவுடன் மறுத்துவிட்டோம். தொட்டியில் இருந்த பாறையோ, சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து மனிதர் வார்த்த பாறை. முப்பது கிலோ. அதையும் மணலையும் தாராளமாக வாங்கிக்கொண்டோம். அங்கேதான் நமக்குச் சனி பிடித்தது.

பழைய பாறையில் நோய்க் கிருமி இருக்கலாம், கண்ணாடியில் வேண்டாத பூண்டு இருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே பாறையையும் மணலையும் நல்ல நீரில் அலசி, பள்ளிக்கூட மொட்டை மாடியில் இரண்டு வாரம் வெயிலில் காய வைத்தோம். கண்ணாடியை வினிகரால் துடைத்தோம். (சிலர் சலவைக் குளோரினைக் கொண்டு கழுவுவார்கள். அதுவும் சரியே. ஆனால் குளோரினையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் விஷ வாயு எழும். ஒன்றை முழுவதும் அலசிய பிறகே மற்றதைத் தொட வேண்டும்.) மின்சாரக் கம்பிகள் எல்லாம் கீழே தொங்கி மேலேறும்படி அமைத்தோம், வழியும் நீர் கம்பியின் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றும் வைத்தோம். பிள்ளைகள் கை வைக்கும் இடமாயிற்றே!

லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் சுமார் ஒன்பது கிலோ உப்பு. ஆறு வாரம் மீனில்லாமல் ஓடவிட்டோம், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்காக. பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் குஞ்சு பொரித்தவை. விழிஞத்தில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தாரும் பரங்கிப்பேட்டைப் பல்கலைக்கழகத்தாரும் அந்த வித்தையில் தேர்ந்தவர்கள். மீன்கள் சுகமாக இருந்தன. கீழ்வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைக்கு மணி அடித்தால் மிட்டாய்க் கடைக்கு ஓடுவதை விட்டுத் தொட்டிக்கு ஓடி வந்தார்கள்.

மூன்றாவது மாதம் பன்னிரண்டு நத்தைகளையும் நான்கு இறால்களையும் விட்டோம். வெள்ளிக்கிழமை விட்டது, திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், இறால் நான்கும் மல்லாந்து கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் கிடந்தன. மீன்கள் இரண்டும் ஒன்றும் நடவாததுபோல் விளையாடிக்கொண்டிருந்தன.

உப்பை அளந்தோம், சரி. அம்மோனியா பார்த்தோம், இல்லை. உஷ்ணம் 26. நாம் விழித்துக்கொண்டு நின்றபோது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மீன் சாகவில்லையே, ஸார். நத்தையும் இறாலும் மட்டும் சாகிற விஷம் ஏதாவது உண்டா?"

உண்டு. செம்பு. மீனின் உடலில் வெள்ளைப் புள்ளி நோய் கண்டால் செம்பு கலந்த மருந்து கொடுப்பது வழக்கம். மீன் தாங்கும் அளவுச் செம்பை, முதுகெலும்பில்லாத ஜந்துக்கள் தாங்கா. சுண்ணாம்புப் பாறையும் மணலும் அந்தச் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வட்டிக்காரனைப் போல் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். நாம் வெயிலில் காய வைத்ததனால் நோய்க் கிருமி செத்திருக்கும், உலோகம் சாகுமா? சோதனை மருந்தை வாங்கி வந்து சொட்டு விட்டோம். நிறம் மாறியது.

தொட்டி விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "ஆமாம் ஸார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைப் புள்ளி வந்தது. கடைக்காரர் கொடுத்த ஏதோ நீல மருந்தை ஊற்றினேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் கேட்கவில்லையே!" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நாம் எண்ணவில்லை. பசையை வருடினோம், காந்தத்தைப் பார்த்தோம், சுருள் என்ன உலோகம் என்று கேட்டோம். தொட்டியில் என்னென்ன மருந்து ஊற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பைசா செலவில்லை.

மீன்களை வேறொரு தொட்டிக்கு மாற்றினோம். மணலை அப்புறப்படுத்தினோம். கண்ணாடி, பம்பு, ஸ்கிம்மர் எல்லாவற்றையும் வினிகர் நீரில் ஊற வைத்து அலசினோம். புதிதாகப் பாறை வார்த்து, கரியும் செம்பைப் பிடிக்கும் பிசினும் போட்டு ஒரு மாதம் ஓட்டினோம். சோதனையில் நிறம் மாறாத பிறகு ஒரே ஒரு நத்தையை மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்றோம். பிள்ளைகள் யாரும் அதை விட முன்வரவில்லை, நாமே விட்டோம். இரண்டு வாரம் கழித்தும் அது கண்ணாடியில் ஊர்ந்து பாசியை மேய்ந்துகொண்டிருந்தது.

மீதி இருந்தது அந்த முப்பது கிலோப் பாறை. மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அதனால் தீங்கில்லை. நூறு ரூபாயாவது கழகத்துக்குத் திரும்பட்டும் என்று விற்பனைக்கு வைத்தோம். விலை கேட்டு வந்த முதல் மூன்று பேர், செம்பு ஏறிய பாறை என்றதும் திரும்பிப் போய்விட்டார்கள். நாலாவதாக ஓர் இளைஞர் வந்தார். "மீன் மட்டுந்தான் ஸார் வளர்க்கிறேன்" என்றார். பாதி விலைக்குக் கேட்டார், கொடுத்தோம். இரண்டு சாக்கில் கட்டி அவருடைய ஸ்கூட்டரில் ஏற்றும்போது, அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஓடிவந்து நிறுத்தச் சொன்னாள். அவள் கையில் சிவப்புப் பெயிண்டும் தூரிகையும் இருந்தன. இரண்டு சாக்கிலும் 'செம்பு' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். இளைஞர் பெயிண்டு காயும் வரையில் பொறுமையாக நின்றிருந்துவிட்டுப் புறப்பட்டார்.