அந்தச் சின்ன அப்பத்தில் ஆண்டவர்

"வீட்டிலேயே செபித்தால் ஆண்டவர் கேட்கமாட்டாரா? இதற்காகத் தானா ராத்தா கோயில்வரை போகத்தான் வேண்டுமா?"

வாசகர்களே! கேமரன் மலைத் தோட்டங்களில், ஞாயிறு காலைக் குளிரில், இந்தக் கேள்வி எழாத கத்தோலிக்கக் குடும்பம் உண்டா? கேள்வி நியாயமானதே. ஆண்டவர் எங்கும் இருக்கிறார். வீட்டில் செய்யும் செபத்தையும் கேட்கிறார். ஆனால் பூசையில் நாம் நன்மை வாங்குகிறோமே, அதில் அவர் இருக்கும் விதமே வேறு.

கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தை எடுத்து, அது தம்முடைய உடல் என்றார். திருச்சபை இதை வெறும் உவமையாகக் கொள்ளவில்லை. குருவானவர் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது அப்பமும் இரசமும் மெய்யாகவே மாறுகின்றன என்று நம்புகிறது. 1215-இல் இலாத்தரான் சங்கம் இதை அறிக்கையிட்டது. 1551-இல் திரிதெந்தீன் சங்கம் மேலும் விளக்கியது: உடல், இரத்தம், ஆன்மா, தெய்வீகம் அனைத்தோடும் முழுக் கிறிஸ்துவே அங்கு இருக்கிறார்.

"பார்த்தால் அப்பமாகத்தானே இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு நம் தேயிலையைக் காட்டுங்கள். பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, காயவைத்தால் நிறம், மணம், ருசி எல்லாம் மாறுகின்றன. ஆனாலும் அது தேயிலைதான். நற்கருணையில் நடப்பது இதற்கு நேர்மாறு. நிறமும் ருசியும் அப்படியே இருக்கின்றன. அது என்னவாக இருந்ததோ, அதுவே மாறிவிடுகிறது.

அப்பத்தைப் பிட்டால் கிறிஸ்துவும் துண்டாவாரோ? இல்லை. அவர் உயிர்த்தெழுந்த மகிமையோடு இருக்கிறார். பெட்டிக்குள் சாமான் இருப்பதுபோல் அல்ல. ஆகவே சிறு துணுக்கிலும் முழுமையாக இருக்கிறார். அப்பத்தின் தோற்றம் உள்ளவரை அவரும் இருக்கிறார். அதனால்தான் நற்கருணைப் பேழையருகே விளக்கு எரிகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவருக்கும் சுவாமியார் நன்மை கொண்டுபோகிறார்.

இந்த நன்மைக்காக ஏங்கிய தமிழர்களும் உண்டு. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்தார்கள். 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழை வேடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். தமிழ் கற்றார். இரவில், வீடுகளில் மறைவாகப் பூசை வைத்தார். பிடிபட்டால் ஆபத்து என்று தெரிந்தும் சனங்கள் வந்தார்கள். வீட்டிலேயே செபிக்க அவர்களுக்குத் தெரியாதா என்ன? 2015-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நமக்கும் 2020-இல் அந்த ஏக்கம் புரிந்தது. மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, கோயில்கள் மூடப்பட்டன. அப்போது ஆண்டவரை உள்ளத்தில் வரும்படி வேண்டும் 'ஞான நன்மை' நமக்குத் துணையாயிற்று. போகமுடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது இன்றும் பெரிய ஆறுதல்.

நடக்கமுடிந்த நமக்கோ வழி திறந்திருக்கிறது. ஒரு மணி நேரம் உபவாசம் இருந்து, மனத்தாங்கல் இருந்தால் தீர்த்து, கனமான பாவம் இருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்து புறப்படுங்கள். மலைப்பாதை வளைவுதான், ஆனால் அதன் முடிவில் காத்திருப்பவர் ஆண்டவரே அல்லவா?